என்எஃப்எல் டிராஃப்ட் முதல் சுற்றும் ரசிகர்களின் கொதிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசி வந்தால் இதே கேள்விகள்தான் என்னிடம் வருகின்றன. அமெரிக்காவுக்குப் புதிதாக வேலைக்குப் போனவர்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த நண்பர்கள் என எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்: இன்னும் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை, அதற்குள் ஏன் இந்த அழுகையும் ஆர்ப்பாட்டமும்? கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். என்எஃப்எல் அதன் தொழில்முறை லீக்.

டிராஃப்ட்னா என்ன? நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் யார் அதிகப் பணம் சொல்கிறாரோ அவருக்கு வீரர். டிராஃப்டில் பணப்போட்டியே கிடையாது. கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் வரிசையாக, ஒவ்வொரு முறைக்கு ஒருவராக எடுத்துக்கொள்ளும். மொத்தம் 7 சுற்று, மூன்று நாள். தன் முறை வரும்போது ஒருவரை எடுக்கும் அந்த உரிமைக்குத்தான் 'பிக்' என்று பெயர். அந்த உரிமையை வேறு அணியோடு மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருடத்து பிக்கைக்கூட இன்றைக்கே கொடுத்துவிடலாம். ரசிகர்களின் ரத்தக்கொதிப்பில் பாதி இந்தக் கொடுக்கல் வாங்கலால் வருவது.

எடுக்கப்பட்ட வீரர் வேறு அணியுடன் பேரம் பேச முடியாது. உள்ளே வர வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

கடைசியில வந்த டீமுக்கு முதல் சான்ஸா? தோத்ததுக்குப் பரிசா?

கிட்டத்தட்ட அப்படித்தான். பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள் முதலில், அதிலும் மோசமாக ஆடியது முதலாவது. பிறகு பிளேஆஃப் அணிகள். சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் தோற்றவர் 31, வென்றவர் 32. பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, 1935இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் இந்த யோசனையைச் சொன்னார். அவருடைய அணிதான் அப்போது தோற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவும். 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பிக்கே ஈகிள்ஸுக்கு. அவர்கள் எடுத்த ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் பிக்கை நம்பி ஏமாறுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மூணு நாள் நடக்குதே, முதல் சுற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூத்து?

முதல் 32 பெயர்கள்தான் சாதாரண ரசிகருக்குத் தெரியும். கல்லூரி ஆட்டத்திலேயே பார்த்திருப்பார், மாதக்கணக்கில் பேசியிருப்பார். ஐந்தாம் சுற்றில் வருகிற பெயரைக் கேட்டுக் கோபப்பட, முதலில் அந்த ஆள் யார் என்று தெரிய வேண்டுமே. 2010 முதல் முதல் சுற்றை வியாழன் இரவில் தனியாக நடத்துகிறார்கள். அதனால் அது தனித் திருவிழாவாகிவிட்டது. 2024இல் டெட்ராய்ட்டில் மூன்று நாளும் சேர்த்து 7,75,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆட்டம் பார்க்க இல்லை, பெயர் வாசிப்பதைக் கேட்க.

பணக் காரணமும் உண்டு. முன்பெல்லாம் முதல் பிக் தவறினால் அணியே திவாலாகும் நிலை. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர். அடுத்த வருடம் ஒப்பந்த விதி மாறியது. முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம்தான். இப்போது தவறு செய்தால் பணம் பெரிதாகப் போவதில்லை, வருடங்கள் போகின்றன. ரசிகருக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

இந்தியாவில எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் வியாழன் இரவு 8 மணி என்றால் நமக்கு வெள்ளி காலை 5.30. காபி போட்டுக்கொண்டு உட்காரலாம். 2025இல் ஒவ்வொரு அணிக்கும் முதல் சுற்றில் யோசிக்க 10 நிமிடம் கொடுத்தார்கள், ஆக மெதுவாகத்தான் போகும்.

கோட்டு போட்ட ஒருத்தர் மேடைக்கு வந்தாலே எல்லோரும் ஊளையிடுறாங்களே, அவர் என்ன பண்ணார்?

அவர் லீக்கின் ஆணையர் ராஜர் குடெல். அவரை ஊளையிடுவது இப்போது சடங்கு. எந்த அணி ரசிகராக இருந்தாலும் சேர்ந்துகொள்ளலாம், கோபம் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 2020இல் கொரோனாவால் தன் வீட்டு அடித்தளத்திலிருந்து பெயர்களை வாசித்தபோது, திரையில் தெரிந்த ரசிகர்களை அவரே ஊளையிடச் சொல்லி உற்சாகப்படுத்தினார். இதை வீரர்மேல் விழும் ஊளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு.

சரி, தங்களோட டீமுக்கே வந்திருக்கிற பையனை எதுக்குத் திட்டுறாங்க? மாப்பிள்ளையை வாசல்லயே வெச்சு அவமானப்படுத்துற மாதிரி இருக்கே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதற்கு 1999ஐச் சொல்லாமல் பதில் இல்லை. ஈகிள்ஸுக்கு இரண்டாவது பிக். பிலடெல்ஃபியா நகரமே ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு உள்ளூர் விளையாட்டு வானொலி நிலையம் முப்பது பேர் அளவில் பேருந்தில் ஏற்றி நியூயார்க்குக்கு அழைத்து வந்தது. அணி எடுத்ததோ டோனவன் மெக்நாப் என்ற குவாட்டர்பேக்கை. குவாட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், களத்தில் மிக முக்கியமான ஆள். மெக்நாப் மேடைக்கு வந்தபோது அரங்கில் எழுந்த ஊளையை இன்றும் ஒவ்வொரு ஏப்ரலிலும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள்.

அப்புறம் நடந்தது: மெக்நாப் ஈகிள்ஸை ஐந்து முறை மாநாட்டு இறுதிக்கும் (சூப்பர் பவுலுக்கு முந்தைய படி) ஒரு முறை சூப்பர் பவுலுக்கும் கொண்டுபோனார். 2013இல் அவர் அணிந்த 5ஆம் எண்ணையே அணி ஓய்வுபெறச் செய்தது. ரிக்கி வில்லியம்ஸும் மோசமில்லை. 2002இல் மயாமிக்காக 1,853 கஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். ஆக, அந்த முப்பது பேர் கேட்ட ஆளும் நல்ல ஆள்தான். அவர்கள் தவறவிட்டது அணிக்கு எது தேவை என்பதை.

அந்த ஊளை மெக்நாப்பைப் பற்றியதே அல்ல என்பது என் எண்ணம். மாதக்கணக்கில் மனதுக்குள் ஒருவரை அணியில் சேர்த்து, உடுப்பு மாட்டி, கோப்பையையும் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ரசிகரிடம் திடீரென்று வேறு பெயரை வாசிக்கிறார்கள். கோபம் நிர்வாகத்தின்மேல். ஆனால் நிர்வாகி பல மைல் தள்ளி அறைக்குள் இருக்கிறார். மேடையில் நிற்பது 22 வயதுப் பையன்.

எல்லா வீடியோவிலயும் பச்சை ஜெர்சி போட்டவங்கதான் தலையில கை வெச்சுட்டு இருக்காங்க. ஜெட்ஸ் ரசிகர்கள் ரொம்ப மோசமா?

மோசமில்லை, பக்கத்தில் இருந்தார்கள். 2014 வரை ஐம்பது ஆண்டுகள் டிராஃப்ட் நியூயார்க்கில்தான் நடந்தது. ஜெட்ஸ் உள்ளூர் அணி. டெட்ராய்ட் ரசிகர் தன் வீட்டுச் சோபாவில் அழுதார், அதை யாரும் படம் பிடிக்கவில்லை. ஜெட்ஸ் ரசிகர் கேமரா முன்னால் அழுதார். 2015 முதல் டிராஃப்ட் ஊர் ஊராகப் போகத் தொடங்கியதும் எல்லா நிறத்து ஜெர்சியிலும் தலையில் கை வைத்தவர்களைப் பார்க்கிறோம்.

ஆனால் அவர்கள் காயமும் பொய்யில்லை. ஜெட்ஸ் கடைசியாக சூப்பர் பவுல் வென்றது 1969 ஜனவரியில். 1983இல் டான் மரீனோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, 24ஆவதாக கென் ஓபிரையனை எடுத்தார்கள். மூன்று இடம் தள்ளி மரீனோவை மயாமி எடுத்தது. அடுத்த ஆண்டே மரீனோ 5,084 கஜம் எறிந்து சாதனை படைத்தார். மயாமி அதே பிரிவில் இருப்பதால் வருடத்துக்கு இரண்டு முறை ஜெட்ஸ் அவரை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஓபிரையன் நல்ல வீரர்தான், பாவம், ஒப்பிடும் ஆள் மரீனோவாகிவிட்டார்.

இந்த ரசிகர்களுக்கு யார் நல்லா ஆடுவாங்கன்னு எப்படித் தெரியும்? அவங்க என்ன கோச்சா?

மாக் டிராஃப்ட் என்று ஒன்று உண்டு. 'இந்த அணி இவரை எடுக்கும்' என்று முன்கூட்டியே கணித்து வெளியிடும் பட்டியல். நிபுணர்கள் போடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் போடுகிறார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரே பெயரை நூறு பட்டியலில் பார்த்தால் அது நடந்தே தீரும் என்று மனம் நம்பிவிடும். மேலே சொன்ன மனக்கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தொழிலின் பெரிய பெயர் மெல் கைப்பர். 1980களிலிருந்து ஈஎஸ்பிஎன்னில் பேசி வருபவர். 1994இல் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் ஐந்தாவதாக டிரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு டிரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்ததை நேரலையில் கிழித்தார். கோல்ட்ஸ் நிர்வாகி பில் டோபின் கேமரா முன்னாலேயே 'யார் இந்த மெல் கைப்பர்' என்று எகிறினார். முடிவு? ஆல்பர்ட்ஸ் காயங்களால் மூன்று பருவத்தில் விடைபெற்றார். டில்ஃபர் பெரிய நட்சத்திரமாகவில்லை, ஆனால் வேறொரு அணியோடு ஒரு சூப்பர் பவுல் வென்றார். இரண்டு பேரில் யார் ஜெயித்தார் என்று இன்றும் வாதிடலாம்.

அப்போ ரசிகர்கள் சொல்றது எப்பவுமே தப்புதானா?

இல்லவே இல்லை. ஊளையிட்டவர்கள் தோற்ற கதைகளை மட்டும் சொல்லிச் சிரிப்பது தொலைக்காட்சியின் பழக்கம். 1995இல் ஜெட்ஸ் ஒன்பதாவது பிக்கில் இருந்தபோது அரங்கில் வாரன் சாப் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். அணி கைல் பிரேடியை எடுத்தது. சாப் 12ஆவதாக டம்பா பேவுக்குப் போய், சூப்பர் பவுல் வென்று, புகழ்மண்டபத்திலும் நுழைந்தார். கோஷம் போட்டவர்கள் சொன்னதுதான் சரி.

2017இல் சிகாகோவும் அப்படித்தான். பேர்ஸ் அணி மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏற மூன்று கூடுதல் பிக்குகளைக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. ஒரே ஒரு படி ஏற மூன்று பிக்! மறுநாள் உள்ளூர் கூடைப்பந்து ஆட்டத்தில் திரையில் அவர் முகம் வந்ததும் சொந்த ஊரே ஊளையிட்டது. அதே சுற்றில் பத்தாவதாகப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். இதுவரை மூன்று சூப்பர் பவுல். ஆனால் நியாயமாகச் சொன்னால், ஊளையிட்டவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு மஹோம்ஸைக் கேட்டார்கள்? மிகச் சிலர்தான் இருந்திருப்பார்கள்.

விலை அதிகம் கொடுத்துட்டாங்கன்னு திட்டுறதுக்கும் ஆளே சரியில்லன்னு திட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கா?

நிறைய இருக்கிறது. என் அனுபவத்தில் முதல் வகைக் கோபத்தைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 22 வயதில் ஒருவர் எப்படி வருவார் என்பதை அணிகளாலேயே கணிக்க முடியவில்லை; ரசிகரால் எப்படி முடியும்? ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்பது அன்றைக்கே தெரிந்த கணக்கு. அதைப் பார்த்துக் கத்துபவருக்கு விவரம் இருக்கிறது.

1999இன் மறுபாதியைப் பாருங்கள். பிலடெல்ஃபியா விட்ட ரிக்கி வில்லியம்ஸை ஐந்தாவதாகப் பிடிக்க, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அந்த ஆண்டின் தன் எல்லா பிக்குகளையும், மறு ஆண்டின் முதல், மூன்றாம் சுற்று பிக்குகளையும் கொடுத்தது. அந்தப் பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி. பயிற்சியாளர் மைக் டிட்காவின் வேலை போனது. வீரர் நல்லவர், விலை கெட்டது. 2023இல் கரோலைனா பாந்தர்ஸ் முதல் இடத்துக்கு ஏறி பிரைஸ் யங்கை எடுக்க, சிகாகோவுக்கு நான்கு பிக்குகளோடு டி.ஜே. மூர் என்ற நல்ல வீரரையும் கொடுத்தது. கொடுத்ததில் ஒன்று 2024இன் முதல் சுற்று பிக். பாந்தர்ஸ் அந்தப் பருவத்தில் கடைசியில் வந்ததால் அது முதலாவது பிக்காகவே சிகாகோ கைக்குப் போனது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. மஹோம்ஸுக்காகக் கான்சஸ் சிட்டி 27இலிருந்து 10க்கு ஏற அடுத்த ஆண்டு முதல் சுற்றையும் சேர்த்துத்தான் கொடுத்தது. இன்று அதைக் கேட்டால் யாரும் விலை அதிகம் என்று சொல்ல மாட்டார்கள்.

நல்ல குவாட்டர்பேக் இருக்கும்போதே இன்னொரு குவாட்டர்பேக் எடுக்கிறாங்களே, இது துரோகம் இல்லையா?

2020இல் கிரீன் பே ரசிகர்கள் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆரன் ராஜர்ஸ் இருக்கிறார், அணி அப்போதுதான் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே தோற்றிருக்கிறது, அவருக்குப் பந்து பிடிக்க ஆள் வேண்டும். நிர்வாகமோ 26ஆம் இடத்துக்கு ஏறி ஜோர்டன் லவ்வை எடுத்தது. கோபமடைந்த ராஜர்ஸ் அடுத்த இரண்டு ஆண்டும் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். அப்போது ரசிகர்கள் 'பார்த்தீர்களா' என்றார்கள். 2023இல் ராஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போக, லவ் அந்தப் பருவமே பிளேஆஃபில் டல்லஸை அதன் சொந்த மைதானத்தில் 48-32 என்று வீழ்த்தினார். அப்போது நிர்வாகம் 'பார்த்தீர்களா' என்றது. வேடிக்கை என்னவென்றால், 2005இல் பிரெட் ஃபார்வ் இருக்கும்போதே 24ஆவதாக எடுக்கப்பட்டவர்தான் ராஜர்ஸ்.

2024இல் அட்லாண்டா செய்தது வேறு ரகம். மார்ச்சில் கர்க் கசின்ஸுக்கு 4 ஆண்டுக்கு 18 கோடி டாலர் வரை ஒப்பந்தம். ஏப்ரலில் எட்டாவது பிக்கில் மைக்கேல் பெனிக்ஸ். டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கிரீன் பே பொறுமையாகத் திட்டமிட்டது. இங்கே ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாததுபோல இருந்தது. அந்த இரவு அட்லாண்டா ரசிகர்கள் வாயடைத்துப் போனதில் தப்பே இல்லை.

மறுநாள் காலையிலேயே மார்க் போடுறாங்களே, நம்பலாமா?

படியுங்கள், சிரியுங்கள், நம்ப வேண்டாம். 2012இல் சியாட்டில் எடுத்தவர்களுக்கு ஃபெயில் மார்க் போட்டவர்களும் உண்டு. அந்தப் பட்டியலில் பாபி வாக்னரும் ரஸல் வில்சனும் இருந்தார்கள். அடுத்த பருவத்தில் சியாட்டில் சூப்பர் பவுல் வென்றது. 2023இல் டெட்ராய்ட் முதல் சுற்றில் ஓட்டக்காரர் ஜமீர் கிப்ஸையும் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரர் ஜாக் கேம்பலையும் எடுத்தபோது, அந்த இடங்களுக்கு இவ்வளவு முன்னால் யாராவது பிக்கைச் செலவு செய்வார்களா என்று கேட்டார்கள். 2024இல் கிப்ஸ் 20 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்ப்பது), அணி 15 வெற்றி, 2 தோல்வி.

பையனே 'அந்த டீமுக்குப் போக மாட்டேன்'னு சொன்னா?

சொல்லலாம், தைரியமும் பேரம் பேசும் பலமும் வேண்டும். 1983இல் ஜான் எல்வே பால்டிமோர் கோல்ட்ஸுக்கு ஆட மாட்டேன், பேஸ்பால் ஆடப் போய்விடுவேன் என்றார். ஒரே வாரத்தில் டென்வருக்கு மாற்றினார்கள். 2004இல் ஈலை மேனிங் சான் டியாகோவை வேண்டாம் என்றார். அவர்கள் வீம்புக்கு முதலாவதாக எடுத்து, நியூயார்க் ஜயன்ட்ஸிடம் பிலிப் ரிவர்ஸையும் பிக்குகளையும் வாங்கிக்கொண்டு மாற்றினார்கள். மறு ஆண்டு ஈலை சான் டியாகோவில் ஆட வந்தபோது ஊரே சேர்ந்து கத்தியது. இந்த ஒரு வகை ஊளை வீரரைப் பற்றியதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் சுற்று பிக்கே இல்லாத டீம் ரசிகர்கள் என்ன பண்ணுவாங்க?

சீக்கிரம் தூங்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் யாரையும் எடுக்கவில்லை. அந்த பிக்குகளில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே நிரூபித்த வீரர்களுக்காகக் கொடுத்துவிட்டார்கள். இடையில் 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றார்கள்.

கடைசியா ஒண்ணு. அப்போ எத்தனை வருஷம் கழிச்சுத்தான் தீர்ப்பு சொல்றது?

அணிகளுக்கே ஒரு கெடு இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்று வீரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாம் ஆண்டு அணியின் விருப்பம். வேண்டுமா வேண்டாமா என்று மூன்றாவது பருவம் முடிந்ததும் மே மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தேர்வு செய்தவர்களே எழுத்தில் கொடுக்கும் மதிப்பெண் அது. மறுநாள் காலை மார்க்கைவிட எவ்வளவோ மேல்.

அதுவும் உறுதியில்லை. 2019இல் ஜயன்ட்ஸ் ஆறாவதாக டேனியல் ஜோன்ஸை எடுத்தபோது அவர்கள் மைதானத்திலேயே கூடியிருந்த ரசிகர்கள் ஊளையிட்டார்கள். 2022 ஏப்ரலில் அணி அவருடைய ஐந்தாம் ஆண்டை வேண்டாம் என்றது. அந்தப் பருவமே அவர் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை வென்று கொடுத்தார். உடனே 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர் என்று கையெழுத்து. 2024 நவம்பரில் அதே அணி அவரை வெளியே அனுப்பியது. 2025இல் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் அவரை வைத்துக்கொண்டு முதல் 10 ஆட்டங்களில் 8 வென்றது. டிசம்பரில் குதிகால் தசைநார் அறுந்து அவருடைய பருவம் முடிந்தது. 2019இல் ஊளையிட்டது சரியா தப்பா என்று ஜயன்ட்ஸ் ரசிகர் இருவரைக் கேட்டால் இன்றைக்கும் மூன்று பதில் வரும்.